டிஸ்கஸ் கறுத்துப்போய் மூலையில் நிற்கிறதா? கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

விற்பவரின் தொட்டியில் தகதகவென்று நீந்திய டிஸ்கஸ் மீன், நம் தொட்டியில் விட்ட பத்தாவது நிமிடம் கரிக்கட்டை மாதிரி ஆகி, ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒதுங்கிக்கொள்ளும். சில நேரம் அடியில் ஒருக்களித்துப் படுத்தும் விடும். முதன்முதலாக டிஸ்கஸ் வாங்கியவர்கள் பதறுவது இந்த இடத்தில்தான். லைட்டைப் போட்டுப் பார்த்து, கண்ணாடியைத் தட்டி, தீனியைக் கொட்டி, கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மருந்தையும் ஊற்றி, அதுவரை பயந்து மட்டும் இருந்த மீனை நிஜமாகவே நோயாளி ஆக்கிவிடுவார்கள்.

டிஸ்கஸுக்கு நிறம்தான் பேச்சு. பயந்தால் உடம்பு கறுக்கும், மேலிருந்து கீழாகக் கோடுகள் எழும்பும், பெரும்பாலான வகைகளில் ஒன்பது. துணிச்சல் வந்தால் கோடு மங்கி நிறம் தெளியும். அமேசான் படுகையில், நீருக்குள் விழுந்து கிடக்கும் மரக்கிளைகளுக்கு நடுவே கூட்டமாக வாழும் மீன் இது. அந்த நிழலில் கிளையோடு கிளையாக மறைய இந்தக் கோடுகள் உதவுகின்றன. ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் கறுப்பை நோய்க் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிஜியன் பிளட் என்ற வளர்ப்பு வகைகளில் மட்டும் இந்தப் பாஷை செல்லாது. அவற்றுக்குக் கோடு எழும்பாது. உடம்பில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் வரும். கறுப்பு மணலும் கறுப்புப் பின்திரையும் வைத்த தொட்டியில் அந்தப் புள்ளிகள் போகாமலே நின்றுவிடும். அதற்கு மருந்து தேடுவது வீண். பின்திரையை வெளிர்நிறத்துக்கு மாற்றினால் போதும்.

மீன் வந்த பிறகு நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வருவதற்கு முன்பு செய்ய வேண்டியதோ நிறைய.

மீன் வருவதற்கு முன்

முதல் கேள்வி வெப்பநிலை. டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். பல வகை மீன்களைச் சேர்த்து வளர்க்கும் கலப்புத் தொட்டிகள் பெரும்பாலும் 25, 26 டிகிரியில் ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவாக 27 வைத்தால் இரு தரப்பும் சமாளித்துக்கொள்ளும் என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. அந்தச் சூட்டில் டிஸ்கஸுக்குப் பசி குறையும், செரிமானம் மந்தமாகும், ஒரு மாதம் கழித்து மெல்ல மெலியும். எது காரணம் என்று யாருக்கும் பிடிபடாது. எனவே முடிவை முன்பே எடுக்க வேண்டும்: தொட்டி 29 டிகிரியில் இருக்கும், அதில் வாழ முடிந்தவை மட்டும் இருக்கும்.

கார்டினல் டெட்ரா அந்தச் சூட்டில் நன்றாகவே வாழும். பார்க்க அதே மாதிரி இருக்கும் நியான் டெட்ரா வாழாது, 26க்கு மேல் அதன் ஆயுள் சுருங்கும். ரம்மிநோஸ் டெட்ரா, ஸ்டெர்பாய் கோரிடோரஸ், ராம் சிக்லிட், பிரிஸில்நோஸ் பிளெக்கோ ஆகியவை சரிவரும். சாதாரண பிளெக்கோ வேண்டாம். வளர்ந்த பிறகு, இரவில் தூங்கும் டிஸ்கஸின் தட்டையான பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சளிப்படலத்தைச் சுரண்டும் பழக்கம் சிலவற்றுக்கு வரும்; காலையில் வட்டமான புண்ணைப் பார்க்கலாம். டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். ஏஞ்சல் மீனைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கருத்து: வேண்டாம். தீனியை அது முந்திக்கொள்ளும், தனக்கு எதுவும் ஆகாமலே குடல் ஒட்டுண்ணிகளையும் செவுள் புழுக்களையும் சுமந்து திரியக்கூடியது. பழைய டிஸ்கஸ் அதோடு வாழ்ந்து பழகியிருக்கலாம். பயணக் களைப்போடு வரும் புதியதுக்கு அந்தச் சுமை தாங்காது.

தொட்டிச் சூட்டை உயர்த்துவதானால் நாளுக்கு ஒரு டிகிரி வீதம், மீன் வருவதற்கு ஒரு வாரம் முன்பே. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே நிற்கும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் 7.5தான். எனவே காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாகப் போட வேண்டும். அதே சமயம் ஃபில்டரின் வேகம் மீனைத் தள்ளக் கூடாது. தண்ணீர் வெளியேறும் குழாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டால் வேகம் உடைந்துவிடும். 250 லிட்டர் தொட்டிக்கு 300 வாட் ஹீட்டர் ஒன்றைவிட 150 வாட் இரண்டு நல்லது. ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் தொட்டி உடனே வெந்துபோகாது, ஒன்று செத்தாலும் ஒரேயடியாகக் குளிர்ந்துவிடாது.

எத்தனை மீன்? வளர்ந்த டிஸ்கஸ் ஒன்றுக்கு 40 லிட்டர் என்பது நெடுநாளாகப் புழங்கும் கணக்கு, அது சரியாகவே வருகிறது. ஐந்து, ஆறுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். இரண்டு வாங்கினால் ஒன்று ராஜா, மற்றது அடிவாங்கி. மூன்றானாலும் அதே கதைதான். ஆறு இருந்தால் அடி ஆறாகப் பிரிந்துவிடும், எதற்கும் வலிக்காது. நாணய அளவுக் குஞ்சுகளைக் கலப்புத் தொட்டிக்கு வாங்கவே கூடாது. அவற்றுக்கு நாளுக்கு நான்கைந்து வேளை தீனி வேண்டும், அந்தத் தீனிக்கு ஏற்பத் தண்ணீர் மாற்ற வேண்டும். மணலும் செடியும் நிறைந்த தொட்டியில் அது நடக்காது. விளைவு, உடம்பு வளராமல் கண் மட்டும் பெரிதாகத் தெரியும் மீன். 8 முதல் 10 சென்டிமீட்டர் அளவுள்ளதை வாங்குங்கள். விலை அதிகம்தான், ஆனால் இடையில் இறப்பது குறைவு.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: தண்ணீரின் பிஎச் (அமில, கார அளவு), டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பளவு), சூடு, என்ன தீனி, ஒரு நாளைக்கு எத்தனை வேளை. முடிந்தால் நேரில் போய், தீனி போடச் சொல்லிப் பாருங்கள். முன்னே ஓடிவந்து கொத்தாத மீனை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

தனித்தொட்டி, நான்கிலிருந்து ஆறு வாரம்

புது மீனைப் பழையவற்றோடு விடாமல் தனியே வைத்துக் கவனிக்கும் கட்டம் இது; இதைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. குதித்தால் நடப்பது இதுதான்: புது மீனிடம் இருக்கும் கிருமி அதை ஒன்றும் செய்யாது, பழைய மீன்களைச் சாய்த்துவிடும். அல்லது நேர்மாறாக நடக்கும். இரண்டு கூட்டமும் வேறு வேறு இடத்தில் வளர்ந்தவை, ஒன்றின் கிருமி மற்றதுக்குப் புதிது. ஒன்று சேர்ந்த சில நாட்களுக்குள் எல்லா டிஸ்கஸும் கறுத்து, தலையை மூலையில் குவித்து, சளி உரிய நிற்கும் தொற்று ஒன்று உண்டு. டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் அதைப் பிளேக் என்றே சொல்வார்கள். டெட்ராக்களுக்கு ஒன்றும் ஆகாது, டிஸ்கஸ் மட்டும் வரிசையாக விழும்.

தனித்தொட்டிக்கு 100, 120 லிட்டர் போதும். அடியில் மணல் வேண்டாம். மூன்று பக்கமும் வெளிர்நிறக் காகிதம் ஒட்டி, ஒதுங்க ஒரு மண்பானையோ மரக்கட்டையோ வைக்க வேண்டும். வெறும் கண்ணாடிப் பெட்டியில் மீன் மேலும் மிரளும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை மூன்று, நான்கு வாரம் முன்பே பெரிய தொட்டியில் ஓடவிட்டு, கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா ஏறிய பிறகு இங்கே மாற்ற வேண்டும். புது ஸ்பாஞ்ச் போட்டால் அம்மோனியா இரண்டே நாளில் ஏறும். வலை, வாளி, தண்ணீர் உறிஞ்சும் குழாய் எல்லாம் இந்தத் தொட்டிக்கென்று தனியாக. ஈரக் கையோடு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனாலே தனித்தொட்டி வைத்த பலன் போய்விடும்.

தினமும் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரைப் பற்றி ஒரு சோதனை: ஒரு வாளியில் பிடித்து உடனே பிஎச் பாருங்கள், ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். வித்தியாசம் 0.5க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரை நேரடியாக ஊற்றக் கூடாது, ஒரு நாள் காற்றடித்து ஆறவைத்தே ஊற்ற வேண்டும். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும்போது பிஎச் ஏறுவதுதான் காரணம். அந்த ஏற்றம் தொட்டிக்குள் மீன் மேல் நடக்கக் கூடாது.

நான்கு வாரம் சுகமாகக் கழிந்தால், பழைய தொட்டியிலிருந்து ஒரு டிஸ்கஸை மட்டும் எடுத்துப் புதியவற்றோடு இரண்டு வாரம் விட்டுப் பார்க்க வேண்டும். கிருமிச் சண்டை இருந்தால் இங்கேயே வெடித்துவிடும். ஒரு மீனைப் பணயம் வைப்பதுதான், மறுக்கவில்லை. மொத்தக் கூட்டத்தையும் பணயம் வைப்பதைவிட அது மேல்.

பையைத் திறக்கும் நேரம்

சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் பழக்க வேண்டும் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். ஒரு மணி நேரப் பயணத்தில் வந்த மீனுக்கு அது கெடுதல் இல்லை. இரவெல்லாம் பையில் பயணம் செய்த மீனுக்கு அதுவே எமன். காரணம் இது.

மூடிய பையில் மீன் விடும் மூச்சால் கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்து பிஎச் இறங்கும். கூடவே அம்மோனியாவும் சேரும். ஆனால் பிஎச் குறைவாக இருக்கும்வரை அதில் ஏறக்குறைய எல்லாமே நஞ்சு குறைந்த அம்மோனியம் வடிவில் இருக்கும். பையை அவிழ்த்ததும் கார்பன் டை ஆக்ஸைடு பறந்துபோகும், பிஎச் ஏறும், அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். 30 டிகிரிச் சூட்டில், பிஎச் 6இல் மொத்த அம்மோனியாவில் 0.1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவம் இருக்கும். 7இல் சுமார் 0.8. 8இல் 7.5. ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய பத்து மடங்கு. நாம் அக்கறையாகச் சொட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த வாளிக்குள் மீனின் செவுள் வெந்துகொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு வாளித் தண்ணீர் ஆறிக் குளிர்ந்தும் போகும்.

அதனால் நெடும்பயணம் செய்த மீனுக்குத் தண்ணீரை முன்பே பொருத்திவைப்பதுதான் வழி. விற்பவர் சொன்ன டிடிஎஸ் 150 என்றால், தனித்தொட்டியையும் ஆர்ஓ தண்ணீர் கலந்து அந்தப் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பிஎச் வித்தியாசத்தைவிட உப்பளவு திடீரென்று ஏறுவதுதான் மீனை அதிகம் வாட்டும். பிறகு தினசரித் தண்ணீர் மாற்றத்தில் பத்து நாளில் நம் தண்ணீருக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

அறையில் வெளிச்சத்தைக் குறைத்து, தொட்டி லைட்டை அணைத்துவிட்டு, பெட்டியைத் திறக்க வேண்டும். இருட்டிலிருந்து நேராக வெளிச்சத்துக்கு வந்தால் மீன் பைக்குள்ளேயே முட்டி மோதும். பையை அவிழ்க்காமல் 15, 20 நிமிடம் மிதக்கவிடுங்கள், சூடு சமமாகட்டும். அவிழ்த்ததும் தாமதிக்காமல் மீனை மாற்றிவிடுங்கள். முரட்டு வலை வேண்டாம். ஈரக் கையாலோ துளையிட்ட பிளாஸ்டிக் கிண்ணத்தாலோ எடுங்கள். அந்தச் சளிப்படலம்தான் மீனின் கவசம், டிஸ்கஸ் குஞ்சுகளுக்கு முதல் உணவே பெற்றோரின் தோல் சளிதான் என்றால் அது எவ்வளவு கனமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது.

அன்று லைட் இல்லை, தீனி இல்லை. முன்னால் உட்கார்ந்து பார்ப்பதும் இல்லை, இதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

தீனி

24 மணி நேரம் கழித்து, உறைந்த ரத்தப்புழுவைக் கரைத்துக் கொஞ்சமாகப் போடுங்கள். மீன் தலைக்கு நாலைந்து புழு போதும். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு வேண்டாம், அது வளரும் இடமே சாக்கடை. பத்து, பதினைந்து நிமிடத்தில் தின்னாததை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். 29 டிகிரியில் மிச்சத் தீனி மிக வேகமாக அழுகும். தின்னவில்லை என்று மறுபடி மறுபடி போடுவது தண்ணீரைக் கெடுக்கும், கெட்ட தண்ணீர் பசியைக் கெடுக்கும், அது ஒரு சுழல். நன்றாகச் சதைபிடித்த, 10 சென்டிமீட்டர் மீன் ஒரு வாரம் தின்னாமல் இருந்தாலும் தாங்கும். சின்னது அவ்வளவு நாள் தாங்காது.

டிஸ்கஸ் தீனியை உடனே விழுங்காது. வாயில் எடுத்து, துப்பி, தண்ணீரை ஊதிக் கிளறி, மறுபடி எடுக்கும். டெட்ராக்கள் அதற்குள் துடைத்துவிடும். கலப்புத் தொட்டிக்கு மாற்றிய பிறகு மெலியும் மீன்களில் பல இந்தப் போட்டியில் தோற்றவைதான். டெட்ராக்களுக்கு ஒரு ஓரத்தில் மிதக்கும் தீனி போட்டு இழுத்துக்கொண்டு, அதே நேரம் மறு ஓரத்தில் மூழ்கும் தீனியை டிஸ்கஸுக்குப் போட வேண்டும். மாட்டு இதயத்தை அரைத்துச் செய்யும் பீஃப் ஹார்ட் கலவையைத் தனித்தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணல் உள்ள தொட்டியில் அந்தக் கொழுப்பும் துகளும் மணலுக்குள் இறங்கி அழுகும்.

பழைய மீன்களோடு சேர்ப்பது

ஒற்றை டிஸ்கஸைப் பழைய கூட்டத்தில் விடுவதுபோல மோசமான யோசனை வேறில்லை. குறைந்தது மூன்று, ஒரே நேரத்தில், பழையவற்றுக்குச் சமமான அளவில், அல்லது ஒரு சுற்றுப் பெரியதாக. விடும் அன்று மாலை மரக்கட்டை, செடித்தொட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். எல்லை அழிந்துபோனால் பழையவையும் புதியவைதான். பழையவற்றுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, லைட்டை அணைத்த பிறகு புதியவற்றை விட வேண்டும். தொட்டியில் ஜோடி சேர்ந்து முட்டையிட இடம் தேய்த்துக்கொண்டிருக்கும் மீன்கள் இருந்தால், அந்த ஜோடியை எடுத்த பிறகே மற்ற பேச்சு. பாதித் தொட்டியை அவை இரண்டுமே எடுத்துக்கொண்டு, வருகிறவர்களை எல்லாம் அடித்துவிரட்டும்.

மீன் எண்ணிக்கை கூடியதும் ஃபில்டர் பாக்டீரியா ஈடுகொடுக்கச் சில நாள் ஆகும். முதல் வாரம் தினமும் அம்மோனியா, நைட்ரைட் பாருங்கள், இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) கீழே.

ஒரு பாய்ச்சல் பாய்ந்து, எதிராளி நகர்ந்ததும் நிறுத்திக்கொள்வது சாதாரணத் தகராறு, வரிசை எண் போட்டுக்கொள்கிறார்கள். ஒரே மீனைத் தொட்டி முழுக்கத் துரத்துவதும், துரத்தப்பட்டது மேல்மூலையிலேயே நின்று மூன்று நாளாகத் தீனிக்கு வராததும் வேறு. அப்போது அடிவாங்கியதைத் தூக்காதீர்கள், ரவுடியைத் தூக்குங்கள். ஒரு வாரம் தனித்தொட்டியில் வைத்துத் திரும்ப விட்டால், அதுதான் கடைசியாக வந்த ஆள். அதிகாரம் இறங்கிவிடும். அடிவாங்கியதை எடுத்துத் தேற்றி விட்டால் மறுபடி அதே அடிதான்.

பயமா, நோயா

பயந்த மீன் கறுத்திருக்கும், ஆனால் மூச்சு சீராக இருக்கும். யாரும் இல்லாதபோது நகரும், எட்டிப் பார்த்தால் ஒளியும். மூன்றாம் நாளுக்குள் ஒன்றிரண்டு புழுவைக் கொத்தும். இந்த அடையாளங்கள் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம்.

செவுள் வேகமாக அடித்து, அதுவும் ஒரு பக்கச் செவுளை மூடி மறுபக்கம் மட்டும் மூச்சுவிட்டு, உடம்பைக் கட்டையில் உரசினால் செவுள் புழு என்று சந்தேகிக்க வேண்டும். ஆனால் அம்மோனியாவும் இதே மூச்சிரைப்பைத் தரும், அதனால் முதலில் தண்ணீர்ச் சோதனை, பிறகுதான் மருந்து. பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்தை லிட்டருக்கு 2 மில்லிகிராம் கொடுக்கலாம். அது முட்டையைக் கொல்லாது, எனவே ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். ஒரே தடவை கொடுத்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று குறை சொல்வது அதிகம்.

வெள்ளையாக, நூல்போலக் கழிவு வந்தால் முதலில் மீன் எத்தனை நாளாகத் தின்னவில்லை என்று பாருங்கள். பட்டினி கிடக்கும் மீனுக்கும் கழிவு வெறும் சளியாகத்தான் வரும். தின்ற பிறகும் வெள்ளையாகவே வந்து, தின்றதைத் துப்பி, நெற்றி ஒடுங்கினால் குடலில் ஹெக்ஸாமிட்டா வகை ஒட்டுண்ணி பெருகியிருக்கலாம். 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம் மெட்ரோனிடசோல், தினமும் தண்ணீர் மாற்றிய பிறகு, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை. கூடவே சூட்டை 32 டிகிரிக்கு ஏற்றி, ஏர் ஸ்டோனை வேகமாக ஓடவிட வேண்டும். இதெல்லாம் தனித்தொட்டியில் மட்டும். அந்தச் சூடு செடிக்கும் ஆகாது, கோரிடோரஸுக்கும் ஆகாது.

எந்த அறிகுறியும் இல்லாமல், வந்து மூன்று வாரமாகியும் ஒளிந்தே இருக்கிறது என்றால் தொட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். கதவுக்குப் பக்கத்தில், ஆட்கள் போய்வரும் வழியில் உள்ள தொட்டியில் டிஸ்கஸ் தேறுவது கடினம். லைட் பளிச்சென்று ஒரே அடியாக எரிந்தால், அறை விளக்கை முதலில் போட்டு அரை மணி கழித்துத் தொட்டி லைட்டைப் போட்டுப் பாருங்கள். மேலே மிதக்கும் செடி கொஞ்சம் விட்டு, வெளிச்சத்தைப் பாதியாக வடிகட்டினால் அந்த வாரமே நடுத்தொட்டிக்கு வந்துவிடும் மீன்கள் உண்டு.